பன்னிரண்டே காலுக்குப் போகும் வைஃபை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வைஃபை வந்த அன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். பொருத்த வந்த பொறியாளர், "மேடம், குங்குமத்தை அந்த ஓட்டைக்குள்ள மட்டும் விட்டுறாதீங்க" என்று கெஞ்சினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா சவுதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அவர் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அரை மணி நேரம் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

உச்சிப்புளியிலிருந்து வடக்கே, பெரிய சாலையை விட்டு ஒதுங்கி, கடலோரமாக இருக்கிறது எங்கள் பள்ளி. அரசு நடுநிலைப் பள்ளி. நான் அதன் தலைமையாசிரியை. கேபிள் இழுக்க முடியாத பள்ளிகளுக்குக் கம்பியில்லா இணைப்பு கொடுக்க அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. மூன்று முறை விண்ணப்பம் எழுதி, நாலாவது முறை நேரில் போய் உட்கார்ந்து, எங்கள் பெயரையும் பட்டியலில் ஏற்றியிருந்தேன். மண்டபம் ஊர்ப் பக்கத்துச் செல்போன் கோபுரம் ஒன்றிலிருந்து, வளைந்து கிடக்கும் கடலுக்கு மேலாக, நேரே எங்கள் மொட்டைமாடிக்கு வந்து சேரும் இணைப்பு. மாடியில் ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக ஒரு ஆண்டெனா. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மக்கள் பணம், பள்ளி நேரத்தில் பயன்பட்டாக வேண்டும். பயன்படவில்லை என்றால், காத்திருக்கும் அடுத்த பள்ளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

பயன்படுத்துவதற்கு எங்களிடம் விஷயம் இல்லாமலா போய்விட்டது? ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு வாசலில் வைத்தேன். யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் எழுதிப் போடலாம். தினமும் ஒரு பாடவேளை அதிலிருந்து சீட்டு எடுத்து எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம். ஜெல்லிமீனுக்குக் கண் உண்டா? திமிங்கிலம் தண்ணி குடிக்குமா? சங்குக்குள்ளே இருக்கிற பூச்சி செத்தால் வீட்டை யார் எடுத்துக்கொள்வார்கள்? உச்சிப்புளிக்கு மேலே பறக்கிற கடற்படை ஹெலிகாப்டரை ஓட்டுபவருக்குத் தலை சுற்றுமா? "டீச்சருக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?" என்றும் ஒரு சீட்டு வந்தது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பதிலைத் தேடவில்லை.

அது நியாயமான கேள்விதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏன், எப்படி என்று எதையும் நோண்டிப் பார்க்கிற குணமும் உண்டு. ஆனால் கோபம் முதலில் வந்துவிடும், நோண்டல் அப்புறம் ஆற அமர வரும். இந்த வரிசையினால் நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அதில் பெரியது இதுதான்.

ஆடி மாதம். வைஃபை வந்து மூன்று வாரம் இருக்கும். நாங்கள் ஆர்வமாக எதையாவது தேடிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தானாக வந்துவிடும். ஒருநாள் பதினொன்றரைக்குப் போனது. சமையல் மும்முரமாக நடக்கிற நேரம். அடுத்த முறை பார்த்தபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற நேரம்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. மசாலா அரைக்க வேண்டுமென்றால் சமையல் உதவியாளர் மிக்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வருவார். அதுதான் எங்கள் கம்ப்யூட்டர் அறை. வைஃபை பெட்டியின் சுவிட்சும் மிக்சியின் சுவிட்சும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

அந்தச் சமையல் உதவியாளர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளியில் வேலைக்குச் சேரும் முன் கடலில் பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். விடுமுறை நாள் வாய்த்தால் இப்போதும் போவார். விரல்களில் துணிச்சுற்று கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருகிற வேலை. அந்த விரல்கள் எப்போதும் வெடித்திருக்கும். பேச்சு குறைவு. எட்டாவது வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள். முதல்நாள் ராமேஸ்வரத்தில் கூட்டமான கூட்டம், பஸ் எல்லாம் அங்கேயே போய்விட்டது. நான் பாதி வழி நடந்து, வெயிலில் வெந்து, ஏற்கெனவே கடுகடுவென்று பள்ளிக்கு வந்திருந்தேன். அன்று மதியம் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் திரையில் பேசுவதாக ஏற்பாடு. ஒரு மணிக்கு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தாயிற்று. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "வணக்கம்" என்று வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஒன்று ஐந்து. நான் திரும்பிப் பார்த்தேன். சுவிட்சுப் பலகைப் பக்கம், கையில் மிக்சி ஜாரோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"டீச்சர், நான் தொடலை டீச்சர். இந்த ஜாரைக் கழுவ எடுக்க வந்தேன்."

"அப்ப யாருக்கா தொட்டது? ஆவியா வந்து தொட்டுச்சு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவரை எழுத வைத்தேன். "இன்று மதியம் 1.05 மணிக்கு இணையக் கருவியின் சுவிட்சை அணைத்தது நான்தான். இனிமேல் அந்த சுவிட்சைத் தொடமாட்டேன்." தேதி போட்டு, கையெழுத்து. அவர் எழுதிக் கொடுத்தார். நிரந்தரம் இல்லாத வேலை, நான் ஒரு வரி மேலிடத்துக்கு எழுதினால் போய்விடக்கூடிய வேலை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுத வைத்தேன். தாளை ஃபைலில் போட்டு பீரோவில் வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு மறுநாளிலிருந்து வைஃபை ஜம்மென்று இருந்தது. எங்கள் கேள்விப் பெட்டி வகுப்பு காலையில்தான், மதியத்துக்குமேல் இணையம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பத்து நாள் ஒரு தடங்கலும் இல்லை. "பார்த்தீர்களா?" என்று மற்ற ஆசிரியர்களிடம் பெருமையாகக் கேட்டேன். அக்கா மிக்சியை அந்த அறைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். மசாலாவை வீட்டிலிருந்தே அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் அறையில் ஃபேன் போட வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். ரோஷம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பிரேயர்கூட முடியவில்லை, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. விறுவிறுவென்று சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். அக்கா இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் காது குத்து, முதல்நாள் மாலையே பஸ் ஏறிவிட்டாராம். விடுப்புக் கடிதம் என் மேசையிலேயே இருந்தது, கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அங்கேயே நின்றேன். உடனே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவர் வந்ததும் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. 'ஒருநாள் அவர் இல்லாமல் போயிருக்கலாம், அன்றைக்கு அவர்தானே பலகைப் பக்கம் நின்றார்' என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன்.

அதே வாரம் ராமநாதபுரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளி நேரத்தில் கருவி அடிக்கடி அணைக்கப்படுவதாகக் கண்காணிப்பில் தெரிகிறது, ஒரு மாதத்துக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் இணைப்பு வேறு பள்ளிக்கு மாற்றப்படும். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்களா அணைக்கிறோம்? இதைத்தான் அக்காவும் அன்றைக்குச் சொன்னார் என்பது அடுத்த நிமிஷம் உறைத்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பொறியாளரை வரச் சொன்னேன். மாவட்டம் முழுக்க ஓடுகிற ஆள், ஒரு வாரம் கழித்து வந்தார். மாடி ஏறினார், முடுக்கினார், அளந்தார். "எல்லாம் அருமையா இருக்கு மேடம்" என்றார். அருமையாகத்தான் இருந்தது. அவர் வருகிற நாளில் மட்டும் அது நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. "கரண்ட்ல ஏதும் பிரச்சினையா பாருங்க" என்று போய்விட்டார். கரண்டில் ஒன்றும் இல்லை. பெட்டியில் பச்சை விளக்குகூட அணைவதில்லை, இணைப்பு மட்டும் காணாமல் போகிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கோபம் அடங்கி நோண்டல் அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை நூலில் கட்டி அந்த அறை ஜன்னலில் தொங்கவிட்டேன். எப்போது போனாலும் கிழமையும் நேரமும் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. முதல் வாரம் பக்கம் காலியாகவே கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை ஒன்பது ஐம்பது. செவ்வாய் பத்து நாற்பது. புதன் பதினொன்றரை. வியாழன் பன்னிரண்டு இருபது. ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் ஐம்பது நிமிஷமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. இது என்ன கணக்கு? எந்தச் சுவிட்சு இப்படி நகரும்? கோபுரத்தில் எதையாவது சுழல விட்டிருக்கிறார்களா? ஹெலிகாப்டர் போகிற நேரமா? வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பிள்ளையை அந்த நேரங்களை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதிக் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"நாளைக்கு ஒண்ணு பத்துக்குப் போகும்."

நான் திரும்பினேன். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஒரு மணியிலிருந்து கம்ப்யூட்டர் அறையை உள்ளே பூட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்று எட்டுக்குப் போனது. இப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமே? இல்லை. என் மனதில் முதலில் வந்த நினைப்பு, 'அப்படியென்றால் இவள்தான்.' எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிறகுதான், பூட்டிய அறைக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். "அக்கா, எப்படிச் சொன்னீங்க?"

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வாங்க டீச்சர்" என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். நூறடி நடந்தால் கடல். ஓடம் கட்டுகிற பழைய கல்தூண் ஒன்று தண்ணீருக்குள் நின்றது. அதில் பாசி படிந்த பகுதி முழுவதும் தண்ணீருக்குள் மறைந்திருந்தது.

"இங்கன நின்னு பாருங்க. தண்ணி நல்லா ஏறி நிக்குதா? இது ஏறி நிக்கிற நேரம் உங்க நெட்டு இருக்காது. வத்த ஆரம்பிச்சா வந்துரும். நாளைக்கு இதே தண்ணி ரெண்டு மணிக்கு ஏறி நிக்கும். தண்ணி ஒருநாளைக்கு முக்கா மணி, அம்பது நிமிசம் தள்ளித்தானே ஏறும்?"

"எப்ப இருந்து தெரியும்?"

"புள்ளைக நேரத்தை வாசிச்சதும் தெரிஞ்சுச்சு. நாங்க பாசிக்குப் போற கணக்குதான் இது. அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு போவோம். மத்த நாளு போகக் கூடாதுன்னு எங்களுக்குள்ள கட்டுப்பாடு, பாசி வளரணும்ல. அந்த நாளுகள்ல காலையில வத்தி, உச்சிக்கு ஏறிரும். ஏறுமுன்னக் கரைக்கு வந்துரணும். அதுனால இந்த நேரம் தப்பாது."

முதல்நாள் அமாவாசை, நோட்டில் பன்னிரண்டு இருபது; அப்படியென்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரே நேரம், பன்னிரண்டே கால், சற்று முன்னே பின்னே. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் வருஷம் முழுக்க வராது. நேரம் வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிற தண்ணீரை நான் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். இதில் கொடுமை, ஓதம் பற்றிய பாடத்தை இதே பள்ளியில் ஆறு வருஷமாகக் கரும்பலகையில் நிலா படம் போட்டு நடத்தியிருக்கிறேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிள்ளைகளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ரொம்ப நன்றிக்கா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீர் ஏறினால் வைஃபை ஏன் போக வேண்டும்? ஆண்டெனா மொட்டைமாடியில் அல்லவா இருக்கிறது, அது என்ன நனைந்தா போகிறது? இந்தக் கேள்வி என்னைச் சனி ஞாயிறு முழுக்கத் தூங்க விடவில்லை. திங்கட்கிழமை மூன்று நாற்பதுக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தேன். போகவில்லை! நாலு மணி ஆயிற்று, திமிங்கிலப் படம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிய கோட்டை இடிந்த மாதிரி ஆகிவிட்டது. அக்காவைத் தேடிப் போனேன்.

"தண்ணி ஏறலையாக்கா இன்னைக்கு?"

"ஏறித்தான் கிடக்கு." அவர் கடலைப் பார்த்தார். "ஆனா காத்தைப் பாருங்க. காலையில இருந்து வடக்க இருந்து அடிக்கிது. கடலு கலங்கிக் கிடக்கு. சும்மா கண்ணாடியாட்டம் கிடக்கையிலதான் உங்க நெட்டு போகுது போல."

கடல் அமைதியாக இருந்தால் இணைப்பு கெடும், கொந்தளித்தால் நன்றாக இருக்கும்! இதைப் பொறியாளரிடம் போனில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பைத்தியம் என்று நினைக்கப் போகிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவரோ, "மேடம், இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார். குரலே மாறியிருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கோபுரத்திலிருந்து வருகிற அலை நேராகவும் எங்கள் ஆண்டெனாத் தட்டுக்கு வருகிறது, கடல் மேல் பட்டுத் தெறித்தும் வருகிறது. தண்ணீர் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது, தெறித்து வருவதும் நேராக வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் இல்லாமல் போய்விடுகின்றன. கடல் கண்ணாடி மாதிரி இருந்தால் தெறிப்பு பலமாக இருக்கும். அலையடித்தால் தெறிப்பு சிதறிவிடும், நேராக வருவது பிழைத்துக்கொள்ளும். "படிக்கும்போது பரீட்சைக்கு எழுதியிருக்கேன் மேடம். நேர்ல பார்த்ததில்ல" என்றார். மருந்தும் சுலபம்தான், தட்டின் உயரத்தை மாற்ற வேண்டும். ஆனால் பதிந்து வைத்த உயரத்தை மாற்ற அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சான்று வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போனேன். விளக்கம் கொடுக்க இன்னும் நாலு நாள்தான் பாக்கி. அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க. ஆனா இந்த நோட்டு எங்க கடிதம் வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சிருக்கு. தப்பா நினைக்காதீங்க, விளக்கம் குடுக்கணுமேன்னு எழுதினதா மேல கேட்பாங்க."

"உங்க கண்காணிப்புல நேரம் இருக்குமே சார்?"

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இல்லைங்கிறதுதான் இருக்கு. எப்பங்கிறது பதிவாகலை. கடிதத்துக்கு முன்னாடி, தேதியும் நேரமும் போட்ட காகிதம் ஏதாவது, ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். இந்தக் கணக்கோட பொருந்துதான்னு பார்த்துடலாம்."

இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது. பீரோவில், ஃபைலில், முத்து முத்தான எழுத்தில். ஆடி அமாவாசைக்கு மறுநாள், மதியம் 1.05.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பற்றியே யோசித்தேன். அந்தத் தாளைக் கொடுத்தால் இணைப்பு தங்கும், என் லட்சணம் அலுவலகத்துக்குத் தெரியும். பழியை ஒப்புக்கொண்டு எழுதியது அக்கா, எழுத வைத்தது யார் என்று கேட்காமலா இருப்பார்கள்? கொடுக்காவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் பிஸ்கட் டப்பாவில் சீட்டுகள் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். உச்சிப்புளியில் இறங்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. மேலதிகாரியை நினைத்தல்ல, அக்காவின் முகத்தை நினைத்து.

மறுநாள் காலை அந்தத் தாளோடு சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க தொடலை. எனக்கு அது முதுகுளத்தூருக்கு நீங்க போயிருந்த அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. மன்னிச்சிருங்க."

அவர் களைந்த தண்ணீரை வடித்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினார். அவ்வளவு நேரமும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"புள்ளைக முன்னாடி சிரிப்பு காட்டிட்டீங்க டீச்சர்" என்றார். "அதுல என் மக வயித்துப் பேத்தியும் உக்காந்திருந்துச்சு."

எனக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து அதுவும் சிரித்ததா, சிரிக்கவில்லையா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவர் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கி, தன் எழுத்தைத் தானே படித்தார். "ஒண்ணு அஞ்சு. அமாவாசைக்கு மறுநாளு. ஏத்தந்தான்" என்றார், யாருடைய தாளையோ பார்க்கிற மாதிரி. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"குடுங்க. புள்ளைகளுக்கு ஆகும்னா குடுங்க. ஆனா இது பொய்யின்னு கீழ எழுதிக் குடுங்க டீச்சர். உங்க கையால."

எழுதினேன். "மேலே எழுதியிருப்பது உண்மையல்ல. இவர் சுவிட்சை அணைக்கவில்லை. தவறாகச் சந்தேகப்பட்டு, என் பதவியைக் காட்டி இப்படி எழுத வைத்தது நான். கடல் ஏற்றத்துக்கும் இணைப்புக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவரும் இவரே." தேதி, கையெழுத்து, பள்ளி முத்திரை. பிரேயரில் அதை உரக்க வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு வரிசையை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

ராமநாதபுரத்தில் அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "பொருந்துது" என்று மட்டும் சொல்லிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். தனியாக ஒரு கண்டிப்புக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், இன்றுவரை வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை மனசு லேசாகியிருக்கும்.

அனுமதி வந்தது. பொறியாளர் நாள் குறிப்பதற்கு முன் போன் செய்து, "மேடம், அந்த அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, என்னைக்கு வந்தா கண்டிப்பா கெடும்?" என்றார். அக்கா விரலை மடக்கி எண்ணி, "பௌர்ணமி அன்னைக்கு வரச் சொல்லுங்க. பன்னெண்டே காலுக்கு. காத்து இருக்காது" என்றார்.

பௌர்ணமி அன்று கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பன்னிரண்டே காலுக்குச் சொல்லிவைத்த மாதிரி வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இணையம் போனதற்குக் கை தட்டிய பள்ளிக்கூடம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பொறியாளர் கம்பத்தில் ஏறினார். தட்டை இன்னும் மேலே தூக்கப் போகிறார் என்று நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ இரண்டு முழம் கீழே இறக்கினார். உயர்த்தவும் செய்யலாமாம், இறக்கவும் செய்யலாமாம், அந்தக் கெட்ட உயரத்திலிருந்து தப்பித்தால் போதுமாம். எனக்கு இதில் இன்னும் பத்துக் கேள்வி இருக்கிறது.

முடுக்கி முடித்ததும் மேலேயிருந்து கத்தினார். "பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க!"

நான் கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடினேன். பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தார், சுவிட்சுப் பலகைக்கு ஒரு கை தூரத்தில். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தாளை எழுதிய நாளிலிருந்து அவர் இந்த அறையில் ஒரு சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஃபேனைக்கூட, லைட்டைக்கூட. நான் எழுதிக் கொடுத்த பிறகும், பிரேயரில் வாசித்த பிறகும்.

மேலே பொறியாளர் மறுபடி கத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"தொடலாமா டீச்சர்?"

தலையை ஆட்டினேன். அவர் கையை வெளியே எடுத்து, முந்தானையில் ஒரு முறை துடைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துப் போட்டார்.